கறைப்பல்லும் லண்டன் தண்ணீரும்

போன மாதம் பல்லுக் காட்டப் போனேன். இந்த வயதிலும் என் வாயில் இருப்பது எல்லாம் என் சொந்தப் பல்லுத்தான். டொக்டர் கண்ணாடியை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற நேர்ஸ் பிள்ளையும் குனிந்து பார்த்தாள். சுஜி என்று பெயர். எங்கள் தமிழ்ப் பிள்ளைதான்.

"அன்ரி நல்லா வெத்திலை போடுறனீங்கள் போல."

வாய்க்குள் கண்ணாடி இருக்கும்போது மறுமொழி சொல்ல ஏலாது. எடுத்த பிறகு சொன்னேன்.

"வெத்திலை இல்லைப் பிள்ளை. தண்ணி."

பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நானும் ஒரு காலம் அவளுடைய வேலைதான் செய்தேன், பிள்ளைகளின் பல்லுக் கிளினிக்கில், செவ்வாய்க்கிழமை என்றால் காஸ் நாள் என்று சொன்னேன்.

"காஸ் நாளோ? அதென்ன?"

"சின்னப் பிள்ளையளை மயக்கிப் பல்லுப் பிடுங்கிற நாள்."

"கிளினிக்கிலையோ? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமலோ?" அவள் முகம் மாறிவிட்டது. "உதெல்லாம் எங்களுக்கு ஒருதரும் சொல்லேல்லை அன்ரி. எழுதுங்கோவன்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து எனக்கு மெல்லத்தான் வரும். பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்தட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

எங்கள் ஊர் வவுனியாப் பக்கம். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஆட்களின் பல்லில் மஞ்சளும் மண்ணிறமுமாகக் கறை பிடித்திருக்கும். உப்பும் கரியும் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஊருக்குள் எல்லாருக்கும் அப்படித்தான், அதனால் ஒருவரும் ஒருவரைப் பார்த்து ஒன்றும் சொல்வதில்லை. என்னைப் பெண் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்த அன்றைக்குத்தான் அது ஒரு குறை என்று எனக்குத் தெரிந்தது. மாமியாராக வர இருந்தவர், "ஒருக்காச் சிரி பிள்ளை, பாப்பம்" என்றார். சிரித்தேன். அவர் கையிலிருந்த தேத்தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். கல்யாணம் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் வாய் திறந்து சிரித்ததில்லை. உதட்டை இறுக்கிப் பேசப் பழகிக்கொண்டேன். லண்டனில் எல்லாரும் என்னைக் கோபக்காரி என்று நினைத்ததற்கு அதுதான் காரணம். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

எண்பதுகளின் நடுவில், புருசன் இல்லாதவளாக, மனோர் பார்க்கில் இருந்த தமையனிடம் வந்து சேர்ந்தேன். கிழக்கு லண்டனில் ஒரு பல்லுக் கிளினிக்கில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. ஒருநாள் நான் நிலம் துடைத்துக்கொண்டிருக்க, எங்கள் பிள்ளை ஒன்று கதிரையில் ஏற மாட்டேன் என்று கத்தியது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்ப் பேசினேன். ஏறியது. அடுத்த கிழமையே பெரிய டொக்டர் என்னை உள்ளே எடுத்துக்கொண்டார். ஆயுதங்களின் பெயரை வாசித்துப் படிக்க என்னால் ஏலாது, உருவத்தைப் பார்த்துப் படித்தேன். ஒரு மாரி காலம் முடிய முன்னம் அவர் கை நீட்டினால் எது வேண்டும் என்று எனக்குத் தெரியும். படிப்பு என்று நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

பெரிய டொக்டரின் பெயர் மங்களம். மலேசியாவில் ஈப்போ என்ற ஊர். குட்டையான மனுசி, கட்டை மயிர். என்னை ஒருநாளும் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை, பரமேஸ்வரி என்று முழுதாகத்தான் கூப்பிடுவார். பிள்ளைகளுக்குப் பொய் சொல்ல மாட்டார். மற்ற டொக்டர்மார் "நோகவே நோகாது" என்பார்கள். இவர் பிள்ளைக்கு முன்னால் குந்தியிருந்து, "இந்த மாஸ்க் ரப்பர் நாத்தம் அடிக்கும். தூங்கிடுவே. எழுந்திரிக்கும்போது வாயில ரத்தம் இருக்கும், கொஞ்சம் வலிக்கும். நான் இங்கேயே இருப்பேன்" என்று சொல்வார். பிள்ளைகள் அவரை நம்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை நடப்பது இதுதான். காலமை தொடக்கம் நடைவழிக் கதிரைகளில் தாய்மாரும் பிள்ளைகளும் வரிசையாக இருப்பார்கள். மயக்குகிற டொக்டர் வேறு இடத்திலிருந்து வருவார், வயதான வெள்ளைக்காரர், நல்ல மனுசன். பிள்ளையைக் கதிரையில் இருத்தித் தாயை வெளியே அனுப்புவோம். நான் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வேன். கறுப்பு ரப்பர் மூக்கில் வைத்ததும் கை முதலில் இறுகும், பிறகு சோர்ந்துபோகும். வாய் மூடாமல் ஒரு கட்டையை இடையில் வைப்பார்கள். தொண்டைக்குள் இரத்தம் போகாமல் துணி அடைப்பார்கள். பிறகு டொக்டர் மங்களம் பிடுங்குவார். பல் உருக்குச் சட்டியில் விழுகிற சத்தம் நடைவழி வரைக்கும் கேட்கும். அங்கே இருக்கிற மற்றப் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். விழுவது பல் என்று சொல்ல ஏலாது, கறுத்துக் கரைந்து, கருகின வேர்க்கடலை மாதிரி இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒன்றிரண்டு இல்லை, வாய் நிறைய.

முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மெத்தையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டு இருப்பது என் வேலை. கண் முழித்தால் இரத்தத்தைத் துப்ப வைத்து, முகம் கழுவி, பிறகுதான் தாயைக் கூப்பிட வேண்டும். அது டொக்டரின் சட்டம். "அம்மா பார்க்கிற முதல் பார்வையில ரத்தம் இருக்கக் கூடாது" என்பார். நானும் எங்கள் தாய்மாரிடம் சொல்லி வைப்பேன்: "முகம் கழுவினாப் பிறகு கூப்பிடுவன், அதுவரைக்கும் யோசிக்காதேங்கோ."

எல்லாரும் போன பிறகு டொக்டர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருப்பார். குழாயில் ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்து, குடிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அங்கே வேலை செய்கிற எல்லாரும் தங்கள் வாயைக் காட்ட வேண்டும் என்று ஒரு பழக்கம் வைத்திருந்தார். நான் கன நாளாகத் தட்டிக் கழித்துக்கொண்டு வந்தேன். ஒருநாள் மறித்துப் பிடித்துவிட்டார்.

"பரமேஸ்வரி, உட்காருங்க. வாயத் தொறங்க."

திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். மாமியாரின் தேத்தண்ணீர்க் கோப்பை கண்ணுக்குள் வந்தது. அவர் கண்ணாடியின் பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டு போனார்.

"ஒரு சொத்தைகூட இல்ல. எந்த ஊர்த் தண்ணி குடிச்சி வளர்ந்தீங்க?"

வவுனியா என்றேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தார். தண்ணீரில் இயற்கையாகவே புளோரைட்டு என்று ஒரு பொருள் இருக்கிறதாம். உங்கள் கிணற்றில் அது கூடிப்போய்விட்டது, அதனால் கறை. அளவாக இருந்தால் கறையும் இராது, சூத்தையும் குறையும். லண்டன் தண்ணீரில் அது போதாது. இங்கிலாந்தில் வேறு சில ஊர்களில் அளவு பார்த்துப் போடுகிறார்கள், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பல்லுப் பிடுங்கத் தேவை வருவதில்லை. இப்படிச் சொல்லிவிட்டு, மயக்குகிற கதிரையைக் காட்டினார்.

"அது மட்டும் இந்தத் தண்ணியில வந்துட்டா, இந்த நாற்காலிய ஒருநாள் கழட்டிப் போட்டுடலாம்லா."

அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பிறகுதான் ஆரணி வந்தாள்.

ஐந்து வயது நிரம்பாத பிள்ளை. தாய் வசந்தி, அவளே பிள்ளை மாதிரி இருப்பாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஓர் அறை அவர்களுக்கு. மற்ற அறைகளில் தகப்பனின் கூட்டாளிப் பெடியள். எல்லாரும் பெற்றோல் அடிக்கிற செட்டிலும் பேக்கரியிலும் இரவு வேலை, பகலில் படுப்பவர்கள். பிள்ளை பகலில் அழுதால் வீடே எழும்பிவிடும். அதனால் இனிப்புப் பழ யூஸை விட்டுச் சூப்பிப் போத்தலை வாயில் வைத்துவிடுவாள் வசந்தி. சூப்பிக்கொண்டே பிள்ளை சத்தமில்லாமல் கிடக்கும்.

"என்ன செய்யிறதக்கா? அவங்கள் பாவம், வேலையாலை வந்து படுக்கிறாங்கள். இவள் கத்தினால் அறையை விடச் சொல்லிப் போடுவினம்" என்றாள் என்னிடம்.

அந்த நாளில் அப்படி எத்தனையோ வீடுகள். யூஸ் என்றால் பழம், பழம் என்றால் சத்து என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். ஒருவரும் பிள்ளையைக் கெடுக்கக் கொடுக்கவில்லை.

ஆரணி பயப்படவே இல்லை. டொக்டர் குந்தியிருந்து எல்லாம் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தமிழில் கேட்டாள்: "பல்லைத் தருவீங்களோ? கூரையிலை எறிய வேணும். அணில் புதுப்பல்லுத் தரும்."

"தரேன். எல்லாம் உனக்குத்தான்" என்றார் டொக்டர்.

கையைப் பிடித்தேன். இறுகியது, சோர்ந்தது. பல் சட்டியில் விழுந்தது. எல்லாச் செவ்வாய்க்கிழமையும் போலத்தான். திடீரென்று மயக்குகிற டொக்டர் "நிறுத்துங்கள்" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பிள்ளையின் உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. கதிரையைச் சரித்தார்கள். நெஞ்சை அமத்தினார்கள். யாரோ அம்புலன்சுக்கு ஓடினார்கள். டொக்டர் மங்களம் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "பரமேஸ்வரி, அம்மாகிட்ட போங்க" என்றார்.

நடைவழிக்குப் போனேன். வசந்தி எழும்பி நின்றாள்.

"முடிஞ்சுதோ அக்கா? முகம் கழுவிப் போட்டீங்களோ?"

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அது இறுகியே இருந்தது.

பிள்ளை ஆஸ்பத்திரியில் கண் முழிக்கவில்லை. பிறகு விசாரணை நடந்தது. ஒருவர் கையிலும் பிழை இல்லை, எல்லாம் முறைப்படிதான் செய்யப்பட்டது, அந்தச் சின்ன இதயம் மயக்கத்தைத் தாங்கவில்லை என்று முடித்தார்கள். அந்த முறைகளை நானும் பக்கத்தில் நின்று பார்த்தவள். அது சரியான தீர்ப்புத்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை நடைவழிக் கதிரைகளில் மறுபடி தாய்மாரும் பிள்ளைகளும் இருந்தார்கள். வாய் நிறையச் சீழோடு வந்த பிள்ளையை வீட்டுக்குப் போ என்று சொல்ல ஏலாது.

சில கிழமைக்குப் பிறகு தகப்பன் தனியே வந்தார். வேலை உடுப்போடு நின்றார். "அந்தப் பல்லுகளைத் தருவீங்களோ?" என்று மட்டும் கேட்டார். அவை விசாரணைக்காரர் கையில் இருந்தன. டொக்டர் அங்கும் இங்கும் அலைந்து, கேட்டு வாங்கி, தன் கையாலேயே கழுவி ஒரு சின்னப் போத்தலில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்க் கொடுத்தார். "நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்" என்றார். தகப்பன் அதைக் கூரையில் எறிந்தாரோ, சாம்பலோடு கடலில் கரைத்தாரோ, நான் கேட்கவில்லை.

கோயிலில் சனம் சும்மா இருக்கவில்லை. "போத்தலைக் குடுத்துக் குடுத்தே பிள்ளையைக் கொண்டு போட்டாள்" என்று ஒருத்தி என் காது கேட்கச் சொன்னாள்.

"உன்ரை பேரனுக்கு நீ என்ன குடுத்தனீ? போன செவ்வாய் அவன்ரை பல்லைச் சட்டியிலை ஏந்தினவள் நான்தான்" என்றேன். வாயை மூடிக்கொண்டாள்.

டொக்டர் மங்களம் அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். தண்ணீர், தண்ணீர் என்று நின்றார். சுகாதார மேலிடத்துக்கு எழுதினார், கவுன்சில்காரரைப் பார்த்தார். கடைசியில், சனத்திடம் அபிப்பிராயம் கேட்க ஒரு ஹோலில் கூட்டம் வைப்பதாக முடிவாகியது. கூட்டத்துக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"நாளைக்கு நீங்க மேடைக்கு வரணும். உங்க பல்லை அவங்க பார்க்கணும். ஒரு சொத்தையும் இல்லாத வாய்."

"ஏலாது டொக்டர்."

"ஏன்?"

"நான் காட்சிக்கு வைக்கிற சாமான் இல்லை."

"சரி பரமேஸ்வரி. மன்னிச்சிடுங்க" என்றார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவர் அப்படிப்பட்டவர்.

ஆனாலும் சனத்தைக் கூட்டிக்கொண்டு வருகிற பொறுப்பை நான் எடுத்தேன். கோயில் வாசலில் நின்று கூப்பிட்டேன். எங்களில் கொஞ்சப் பேர் வந்தார்கள். வசந்தியும் வந்து கடைசி வாங்கில் இருந்தாள். வெள்ளைக்காரச் சனம் நிறைய. டொக்டர் எழும்பி விளக்கினார், ஆங்கிலத்தில் ஒருதரம், எங்களுக்காகத் தமிழில் ஒருதரம். முடிக்க முன்னமே ஒரு வெள்ளைக்கார மனுசி எழும்பி, இது எலிப் பாஷாணத்தில் போடுகிற சாமான், எங்களைக் கேட்காமல் எங்கள் வாய்க்குள் மருந்து ஊற்ற நீங்கள் யார் என்று கத்தினார். கைதட்டினார்கள்.

எங்கள் பக்கம் கடைக்காரர் சிவராசா அண்ணை எழும்பினார். "டொக்டரம்மா, நாங்கள் அங்கை ஊரிலை, ஆமிக்காரங்கள் கிணத்துக்குள்ளை நஞ்சு போட்டிட்டாங்களெண்டு கேள்விப்பட்டு, தண்ணி குடிக்கப் பயந்து இருந்த சனம். இஞ்சை வந்து குழாயைத் திறந்தால்தான் நிம்மதியாக் குடிக்கிறம். அதுக்குள்ளையும் ஒண்டைக் கலக்கப் போறியளோ?"

"அண்ணே, இது நஞ்சு இல்ல—" என்று டொக்டர் தொடங்க, "அவங்களும் அப்பிடித்தான் சொல்லுவாங்கள்" என்றார் அவர். எங்கள் சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பயம் இருந்தது எனக்குத் தெரியும். எனக்கும் இருந்த பயம்தான்.

பிறகு அந்த வெள்ளைக்கார மனுசி ஒரு பெரிய படத்தைத் தூக்கிப் பிடித்தார். திறந்த வாய். மண்ணிறக் கறை படிந்த பல். என் வாயைப் படம் பிடித்து வைத்த மாதிரி இருந்தது. "உங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் வரும்!" ஹோல் முழுக்க "ச்சீ" என்று ஒரு சத்தம் எழும்பியது. எனக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பெண்ணும் முகத்தைச் சுளித்தாள். நான் உதட்டை இறுக்கினேன்.

அப்போது கடைசி வாங்கிலிருந்து வசந்தி கேட்டாள். உரத்துக்கூட இல்லை.

"அந்தப் பல்லு உள்ள ஆக்கள் உயிரோடை இருக்கினமோ?"

தமிழ் தெரிந்தவர்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

நான் எழும்பினேன். நடந்து முன்னுக்குப் போனேன். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று, சனத்துக்கு முன்னால் வாயைத் திறந்தேன். பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பிறகு முதல் தரம். முன் வரிசையில் ஒரு பிள்ளையின் கண்ணைத் தாய் பொத்தினாள். நான் வாயை மூடவில்லை. எல்லாரும் பார்த்து முடியும் வரைக்கும் நின்றேன்.

"இருக்கினம் வசந்தி. இது என்ரை பல்லு. எங்கடை கிணத்திலை அது கூடிப்போச்சு, அதாலை கறை. டொக்டர் அவ்வளவு கேக்கேல்லை, கறிக்கு உப்புப் போடுற மாதிரி அளவாக் கேக்கிறா. கறையைப் பாத்து என்னை ஆக்கள் நக்கல் அடிச்சவை. அவ்வளவுதான் நடந்தது. செவ்வாய்க்கிழமையளிலை என்ன நடக்குதெண்டு நான் கிட்ட நிண்டு பாக்கிறனான்."

டொக்டர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அந்த வெள்ளைக்கார மனுசி என் கையைப் பிடித்து, அன்பாகவே, "நன்றி. நாங்கள் சொல்வதை இந்த அம்மாவே நிரூபித்துவிட்டார்" என்றார். கைதட்டல் எழும்பியது. கை தூக்கச் சொன்னபோது ஹோல் முழுக்க வேண்டாம் என்று தூக்கியது. சிவராசா அண்ணையும் தூக்கினார். வேண்டும் என்று தூக்கிய கைகளில் வசந்தியின் கை இருந்தது.

என்னை வீட்டில் இறக்கிவிட வந்த டொக்டர் வழியில் காரை நிற்பாட்டினார்.

"உங்களை நான் கேட்டிருக்கக் கூடாது பரமேஸ்வரி."

"நீங்கள் கேட்டு நான் எழும்பேல்லை டொக்டர். அவள் கேட்டவள். ஆராவது மறுமொழி சொல்ல வேணுமெல்லோ."

அவர் அதற்குப் பிறகும் விடவில்லை. வருஷக்கணக்காக அலைந்தார். ஒரு கட்டத்தில் மேலிடம் சம்மதித்ததாம். அதற்குள் தண்ணீர் தனியார் கம்பனியின் கைக்குப் போய்விட்டது. அவர்கள் மாட்டோம் என்றார்கள். மாட்டோம் என்பவர்களைச் செய்ய வைக்கச் சட்டத்தில் இடமில்லையாம். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு டொக்டர் குழாயில் தண்ணீர் பிடித்தார், பார்த்தார், ஊற்றிவிட்டுக் கிளாசைக் கழுவி வைத்தார். அடுத்த கோடையில் ஈப்போவுக்கே போய்விட்டார். புறப்படும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

தொண்ணூறுகள் முடிகிற நேரம் கிளினிக்குகளில் மயக்குவதை நிறுத்தச் சொல்லிக் கட்டளை வந்தது. இனி ஆஸ்பத்திரியில் மட்டும்தான். இரண்டு பேர் வந்து அந்தக் கதிரையைக் கழற்றிக் கொண்டு போனார்கள். நிலத்தில் நான்கு ஓட்டை மிஞ்சியது. நான் ஓய்வு எடுக்கும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றித் துடைத்தேன். தண்ணீர் மட்டும் அப்படியே வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குச் சுஜியிடம் இதில் பாதிதான் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எல்லாம் பல்லை வெள்ளையாக்கலாம் அன்ரி. கறை தெரியாமல் மூடிவிடலாம். கேட்டுப் பாக்கட்டோ?" என்றாள். வேண்டாம் என்றேன். கொப்பளிக்கச் சொல்லித் தந்த தண்ணீரைத் துப்பிவிட்டு எழும்பினேன்.

வெளியில் எங்கள் பிள்ளை ஒன்று தாயோடு இருந்தது. கன்னம் வீங்கியிருந்தது.

"என்ன பிள்ளைக்கு?" என்றேன்.

"எட்டுப் பல்லு எடுக்க வேணுமாம் அன்ரி. ஆஸ்பத்திரியிலை மயக்கித்தான் எடுப்பினமாம். எப்ப கூப்பிடுவினமோ தெரியேல்லை, மாசக்கணக்காப் பாத்துக்கொண்டிருக்கிறம். யூஸ்தான் குடுத்தனான். சத்தெண்டு நினைச்சன்."

பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் இப்போது உதட்டை இறுக்குவதில்லை. வாய் திறந்து அதைப் பார்த்துச் சிரித்தேன்.

அதுவும் சிரிக்க வந்தது. பிறகு கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டது.